செப்புக்காசின் விலை

பழமையானது எதுவோ அதுவே விலைமதிப்புடையது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பாட்டனார் காலத்துப் பெட்டகம், ஏட்டுச்சுவடி, வெண்கல விளக்கு முதலியவற்றை நாம் போற்றுவதற்கு அவற்றின் பயனிலும் பார்க்க வயதே பெரிதுங் காரணமாகின்றது. இவ்வெண்ணத்தோடு இணையச் சந்தைகளிலே உரோமப் பேரரசின் நாணயங்களைத் தேடிச் செல்பவர் முதலில் அடைவது வியப்பேயாகும். ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதும், பேரரசன் ஒருவனின் முகமும், வாசிக்கத்தக்க எழுத்துகளுங் கொண்ட செப்புக்காசொன்று பத்து அல்லது இருபது டொலருக்கு அங்கே விற்பனைக்குக் கிடக்கின்றது. தேய்ந்து, மண்ணொட்டி, அரசன் இன்னான் என்று இனங்காண இயலாத காசெனின், பகலுணவுப் பொதியொன்றுக்குக் கொடுக்கும் பணமே அதற்குப் போதுமானது. காசின் விலையைத் தபாற் செலவு விஞ்சிவிடுவதும் உண்டு.

வரலாற்றை ஒரு பாடமாகப் பயிலும் எனக்கு இச்சந்தையை அறிமுகஞ் செய்தவர் இலண்டனில் வாழும் என் பெரியம்மாவின் மகன். அவர் தொழிலாற் கணக்காளர். விருப்பத்தால் நாணயச் சேகரிப்பாளர். விற்பனைக்கு வரும் காசுகளின் படங்களை அவர் எனக்கு அனுப்புவார். நான் அவற்றை வாசித்து, அரசன், ஆண்டு, அக்கசாலை என்பனவற்றைக் கூற முயல்வேன். வாங்கும் வசதி அவருக்கு. வாசிக்கும் இன்பம் எனக்கு. இரண்டாண்டுகளாக நடைபெற்றுவரும் இப்பயிற்சியிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்றுண்டு. மலிவு என்று நாம் ஒரு சொல்லாற் குறிப்பிடுவது உண்மையில் ஒரு பொருளன்று. ஒருவகை மலிவு வாங்குவோனின் அறிவினாற் கிட்டுவது. மற்றொரு வகை மலிவு அறிவு அழிக்கப்பட்டதனாற் கிட்டுவது. இவ்விரண்டினையும் பிரித்துணர்வது சேகரிப்போருக்கு மட்டுமன்றி, வரலாறு கற்கும் நமக்கும் இன்றியமையாதது எனலாம்.

முதலில், இக்காசுகள் ஏன் இத்துணைப் பெருந்தொகையாய்க் கிடைக்கின்றன என்பது நோக்கத்தக்கது. உரோம அரசு தன் படைவீரர்க்குக் காசாகவே ஊதியம் வழங்கி வந்தது. எல்லைகள் விரிந்து, படைகள் பெருகி, செலவு வருவாயை விஞ்சியபோது, அரசு கண்ட எளிய வழி நாணயத்தின் தரத்தைக் குறைப்பதாயிற்று. ஒகஸ்தஸ் காலத்தில் ஏறத்தாழத் தூய வெள்ளியாயிருந்த டெனேரியஸ் நாணயத்தின் எடையைக் கி.பி. 64ஆம் ஆண்டளவில் நீரோ குறைத்தான். அவனுக்குப் பின்வந்தோரும் அவ்வழியையே பின்பற்றினர். கலியேனஸ் மன்னனின் ஆட்சி 268இல் முடிவுற்றபோது, வெள்ளிக்காசு எனப் பெயர் பெற்றிருந்த நாணயத்திலே வெள்ளி நூற்றுக்கு ஐந்திலுங் குறைந்துவிட்டது. தரங் குன்றக் குன்றத் தொகை பெருகிற்று. 294ஆம் ஆண்டளவில் தியோக்கிளேசியன் பத்துக் கிராம் அளவான புதிய செப்புக்காசை வெளியிட்டுச் சீர்திருத்தஞ் செய்ய முயன்றான். ஆயினும் நூறாண்டு கழிவதற்குள் மக்களின் கையிற் புழங்கியது ஒரு கிராம் அளவான, விரல்நகத்தை ஒத்த சிறு காசேயாகும். போரும் கிளர்ச்சியும் மலிந்த அக்காலத்தில் மக்கள் தம் காசுகளைப் பானைகளிலிட்டுப் புதைத்து வைத்தனர். புதைத்தோரிற் பலர் மீண்டு வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உலோகங்காட்டும் கருவி பொதுமக்களின் கைக்கு எட்டியபின், புதையுண்டவை வெளிவரத் தொடங்கின. இலட்சக்கணக்கிற் கிடைப்பது எதுவும் அரிய பொருளாய் இருத்தல் இயலாது.

இப்பெருக்கத்தினிடையே நல்லதொரு காசைக் குறைந்த விலைக்குத் தேடிப் பெறுவது ஒரு கலையேயாகும். இணையச் சந்தைகள் இருவகைப்பட்டன. ஈபே போன்ற பொதுச் சந்தைகளில் எவரும் எதனையும் விற்கலாம். வீகொயின்ஸ் போன்றவை நாணய வணிகர்க்கே உரியன. அங்கு விற்போர் தாம் விற்கும் காசு உண்மையானதென உத்தரவாதம் அளித்தல் வேண்டும். பின்னதில் விற்பவர் பெரும்பாலும் வாங்குபவரைவிட அறிந்தவராயிருப்பதால் விலைபிறழ்வு அரிது. முன்னதிலோ பரம்பரைப் பெட்டியொன்றைத் திறந்து அதிலுள்ளதைப் படம்பிடித்து விற்பவரும் இருக்கின்றனர். உரோமக் காசு என்பதற்கு மேல் அவர்கள் எழுதுவதில்லை. எழுதினும் அரசனின் பெயரைப் பிழையாக எழுதிவிடுவர். சரியான பெயரைத் தேடுவோரின் கண்ணில் அப்பொருள் படாது போகின்றது. பல காசுகளை ஒருங்கே சேர்த்து ஒரே விலைக்கு விற்கும்போதும் இவ்வாறே நிகழும். மங்கிய படத்திலே கிடக்கும் இருபது காசுகளுள் ஒன்று மற்றைய பத்தொன்பதின் விலையையும் ஈடுசெய்யக்கூடும்.

எதனைக் கொண்டு அவ்வொன்றைக் கண்டுகொள்வது? காசு தன்னைப்பற்றித் தானே சொல்கின்றது. முன்புறத்திலே தலையைச் சுற்றி அரசனின் பெயரும் பட்டங்களுஞ் சுருக்கெழுத்துகளாய் ஓடுகின்றன. பின்புறத்திலே தெய்வமோ படைவீரரோ வெற்றித் திருமகளோ நிற்பதனையும், அவ்வுருவுக்குரிய வாசகத்தினையுங் காணலாம். ஈட்டியேந்திய இரு வீரர் படைக்கொடியின் இருமருங்கும் நிற்பின், அக்காசு 330ஆம் ஆண்டுக்குப் பின் வெளியானது; வாசகம் படையின் புகழைப் பாடும். ஓநாய் இரு குழந்தைகட்குப் பாலூட்டும் உருவமாயின், கொன்ஸ்தந்தினோப்பிள் நகர் 330இல் புதிய தலைநகராகத் திறந்து வைக்கப்பட்ட காலத்தில் பழைய தலைநகரைச் சிறப்பித்து வெளியிடப்பட்டது. வீரனொருவன் குதிரையினின்றும் வீழ்ந்த பகைவனைக் குத்துவதாயின், இனிய காலம் மீண்டுவிட்டதெனப் பறைசாற்றி 348ஆம் ஆண்டளவில் தொடங்கிய வரிசையைச் சேர்ந்தது. இவற்றின் கீழே, கிடைக்கோடொன்றுக்கு அடியில், இரண்டு முதல் ஐந்தாறு எழுத்துகள் இருக்கும். அவையே காசு அடிக்கப்பட்ட அக்கசாலையின் அடையாளம். அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, திரியர் முதலிய நகரங்கள் யாவும் அச்சிற்றெழுத்துகளில் அடங்கியுள்ளன.

என் அண்ணா பெற்ற முதல் நற்பேறு இச்சிற்றெழுத்துகளாலேயே வாய்த்தது. விற்பனையாளர் ஒருவர் கதிரவனின் உருவம் பொறித்த கொன்ஸ்தந்தைன் காசொன்றைப் பன்னிரண்டு பவுணுக்கு இட்டிருந்தார். அவ்வகைக் காசு பல அக்கசாலைகளில் அடிக்கப்பட்டமையால் எளிதிற் கிடைப்பது. ஆயின், படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது கதிரவனின் காலடியில் பி, எல், என் என்னும் மூன்று எழுத்துகள் தெரிந்தன. எல்லும் என்னும் லொண்டினியம், அதாவது இன்றைய இலண்டன் நகரைக் குறிப்பன. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அவ்வக்கசாலை 325ஆம் ஆண்டளவில் மூடப்பட்டுவிட்டது. குறுகிய காலமே இயங்கியமையாலும், பிரித்தானியச் சேகரிப்போர் தம் நாட்டுக் காசென விரும்பித் தேடுவதாலும், அதன் வெளியீடுகளுக்கு விலை கூடுதல். விற்றவர் தம் பொருளின் அடிக்கோட்டைப் படித்திருந்தால் இருமடங்கேனுங் கேட்டிருப்பார்.

இதற்கு வேண்டிய அறிவைப் பெறுவதற்கு இன்று செல்வராயிருத்தல் அவசியமில்லை. உரோமப் பேரரசின் நாணய வகைகளைத் தொகுத்த பெருநூல் வரிசையின் முதற் பகுதி 1923இல் வெளிவந்தது. பத்தாம் பகுதி 1994இல் வெளிவந்தது. அவ்வரிசையை முழுமையாக வாங்குவது மாணவர்க்குக் கனவிலும் இயலாது. ஆனால் அமெரிக்க நாணயவியற் கழகம் அதன் அடிப்படையில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளை இணையத்திலே தொகுத்து எவருக்கும் இலவசமாய்த் திறந்து வைத்துள்ளது. தெரிந்த நான்கு எழுத்துகளை இட்டால், பொருந்தும் காசுகள் படங்களுடன் கண்முன் வந்து நிற்கும். நான் விடுதி அறையிலிருந்து வாசிக்கக் கற்றது இவ்வாறுதான்.

அறிவு தேடித்தரும் மலிவு ஒருபுறமிருக்க, அறியாமையை எதிர்பார்த்து விரிக்கப்படும் வலையும் உண்டு. போலிக்காசு புதியதொரு கொடுமையன்று. 16ஆம் நூற்றாண்டிலேயே பாதுவா நகரைச் சேர்ந்த காவினோ என்பார் உரோமப் பெருங்காசுகளைப் பின்பற்றிச் செய்த பதக்கங்கள் புகழ்பெற்றன. இன்றைய போலிகளிற் பல வார்க்கப்பட்டவை. உண்மையான காசு, இரு அச்சுகளுக்கிடையே உலோகத் துண்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து ஆக்கப்பட்டது; எனவே ஒரே அச்சில் அடித்த இரு காசுகளும் ஓரத்திலும் நடுவமைப்பிலும் ஒத்திருப்பதில்லை. ஒரே வெடிப்பும் ஒரே சாய்வுங் கொண்ட இரு காசுகளைக் கண்டால் இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள் என ஐயுறல் வேண்டும். விளிம்பிலே ஓடும் பொருத்துக்கோடு, மேற்பரப்பிலே காற்றுக்குமிழியின் தழும்பு, வகைக்குப் பொருந்தாத எடை என்பனவும் காட்டிக்கொடுப்பன. தங்கமும் அழகிய வெள்ளியும் சந்தை விலையிற் பாதிக்குக் கிடைப்பின், அது நற்பேறு என்று எண்ணுவதற்கு முன்பு பலமுறை சிந்தித்தல் நன்று.

இனி இரண்டாவது வகை மலிவைக் கருதுவோம். இங்குக் காசு உண்மையானது; எழுத்துந் தெளிவானது; விலையும் நியாயமானது. இல்லாதது ஒன்றே: அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்னுஞ் செய்தி. விற்பனைக் குறிப்பிலே பழைய ஐரோப்பியச் சேகரிப்பு என்ற இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். பெரும்பாலும் அவையும் இருப்பதில்லை. இவ்விழப்பின் அளவை உணர்வதற்கு, இழக்கப்படாததோர் எடுத்துக்காட்டைப் பார்த்தல் வேண்டும்.

2010ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சொமர்செற் மாவட்டத்தில், புறூம் என்னும் ஊருக்கு அருகே, உலோகங்காட்டியுடன் சென்ற ஒருவர் பெரும் பானையொன்றைக் கண்டார். காசுகள் தென்பட்டவுடன் அவர் தோண்டுவதை நிறுத்தித் தொல்பொருளியலாளர்க்கு அறிவித்தார். அவர்கள் பானையைப் படைபடையாக அகழ்ந்து, ஒவ்வொரு படையிலும் இருந்த காசுகளை வேறு வேறாகப் பிரித்தெடுத்தனர். மொத்தம் 52,503 காசுகள். எடை ஏறத்தாழ 160 கிலோகிராம். அவற்றுட் காலத்தாற் பிந்தியவை, பிரித்தானியாவிலே தனியாட்சி நிறுவிய கரோசியஸின் காசுகள். பானை சிறிது சிறிதாக நிரப்பப்பட்டிருந்தால் அவை மேலே கிடந்திருத்தல் வேண்டும். அவையோ பெரும்பாலும் பானையின் ஆழத்தே கிடந்தன. எனவே அத்தனை காசுகளும் ஒரே வேளையில் இடப்பட்டன என்பது புலனாயிற்று. அவ்வளவு எடையைத் தாங்கி மீள எடுக்கத்தக்க பானையாகவும் அது இல்லாமையால், அது மறைத்து வைத்த செல்வமன்று, தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாயிருக்கலாம் என்னுங் கருத்தும் எழுந்தது. அப்புதையல் £320,250க்குச் சொமர்செற் நூதனசாலைக்காகப் பெறப்பட்டது. அதிலுள்ள காசுகளைத் தனித்தனியே எடுத்தாற் பல எளிய விலைக்குரியவை. அவை கிடந்த ஒழுங்கே விலைமதிப்பற்றது. கண்டவர் அன்றிரவே பானையைக் கொட்டிக் காசுகளைக் கழுவி விற்றிருந்தால், ஐம்பதினாயிரம் காசுகள் சந்தைக்கு வந்திருக்கும். ஒரு வரலாற்றுச் செய்தியும் வந்திராது.

மண்ணின் செய்தியை மறைப்பது எளிய காசுகளோடு நின்றுவிடுவதுமன்று. சீசர் கொலையை நினைவுகூர்ந்து புரூட்டஸ் வெளியிட்ட தங்கக்காசொன்று 2020இல் இலண்டன் ஏலமொன்றிலே முப்பது இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது. அது பழைய தனியார் சேகரிப்பிலிருந்து வந்ததெனக் கூறிய சான்று போலியென்பது பின்னர் வெளியாகி, 2023இல் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. காசு பொய்யன்று, அதன் பிறப்புச் சான்றே பொய்.

சேகரிப்போரைப் பழிப்பது என் நோக்கமன்று. நாணயவியல் என்னுந் துறையே சேகரிப்போரின் ஆர்வத்தால் வளர்ந்தது. உலகின் நூதனசாலைகள் அனைத்துஞ் சேர்ந்தாலும், ஒரே வகையான பல்லாயிரம் செப்புக்காசுகளைப் பேணுதல் இயலாது, வேண்டியதுமில்லை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, ஓரிடத்திற் கிடைத்த காசுத் தொகுதிகள் அறிவிக்கப்படல் வேண்டும். தனிக்காசுகளையுங் கண்டெடுத்தோர் தாமாகவே பதிவுசெய்வதற்கு 1997இல் ஒரு திட்டந் தொடங்கப்பட்டது. பதிவு முடிந்து, நூதனசாலைகள் வேண்டாமென விட்டவை நேர்மையான வழியிற் சந்தைக்கு வருகின்றன. அத்தகைய காசு பதிவிலக்கத்துடன் விற்கப்படும்போது விலை சற்றுக் கூடுதலாயிருக்கலாம். ஆயினும் அது எந்த வயலிற் கிடைத்ததென நாமும் அறிவோம். நமக்குப் பின் வருவோரும் அறிவர். அமெரிக்கா 2007இல் சைப்பிரஸ், 2011இல் இத்தாலி, 2014இல் பல்கேரியா எனப் பல நாடுகளுடன் செய்த உடன்படிக்கைகள் பழங்காசுகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், சான்றில்லாக் காசின் பின்னே தோண்டிச் சிதைக்கப்பட்ட நிலம் இருக்கக்கூடும் என்பதனாலேயேயாம்.

இவையெல்லாம் மேனாட்டார் சிக்கல் என்று நாம் விலகியிருத்தல் இயலாது. இன்று இணையச் சந்தையிலே மிக மலிவாய் விற்கப்படும் அதே 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள்தாம் இலங்கை மண்ணிலும் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. அனுராதபுரம், சிகிரியா, கந்தரோடை, தென்கரையோரத்து அக்குறுகொட எனப் பல இடங்கள் இதற்குச் சான்று. இங்கு உரோமக் காசைப் பார்த்துச் செய்யப்பட்ட போன்மைக் காசுகளும் உடன் கிடைக்கின்றன. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலில் இவற்றைத் தொகுத்துரைத்தார். யேர்மன் அறிஞர் வல்பேர்க் 2008இல் இவற்றையே விரிவாக ஆராய்ந்தார். கிளோடியஸ் காலத்திலே இத்தீவின் மன்னன், வெவ்வேறு அரசர் முகங்கொண்ட உரோம வெள்ளிக்காசுகள் யாவும் ஒரே எடையாயிருத்தல் கண்டு வியந்தான் எனப் பிளினி எழுதியுள்ளார். ஆயின் அம்முற்காலத்து வெள்ளிக்காசுகள் இங்கு மிக அரிதாகவே கிடைக்கின்றன. பிற்காலத்துச் செப்புக்காசுகளோ குவிகின்றன. இவை எப்போது வந்தன, நேரே வந்தனவா தென்னிந்தியா வழியே வந்தனவா, இங்குப் பணமாகப் புழங்கினவா என்னும் வினாக்களில் அறிஞர் இன்னும் வேறுபடுகின்றனர். அவற்றுக்கு விடையளிக்க வல்லது காசின் முகமன்று. அது எந்த மண்படையில், எந்தப் பானையோட்டுடன், எத்தனை போன்மைக் காசுகளோடு கிடந்தது என்பதுதான்.

சென்ற ஆண்டு ஒரு மாலை அண்ணாவிடமிருந்து படமொன்று வந்தது. நாற்பது சிறு செப்புக்காசுகள். ஒவ்வொன்றும் ஒரு டொலருக்குங் குறைந்த விலை. இலங்கையிற் கிடைத்தவை என்று ஒரு வரி. “தங்கச்சி, எங்கடை மண்ணிலை எடுத்த காசாம். நாளைக்கு ஏலம் முடியுது. எடுக்கட்டோ?” என்று கேட்டார். “எந்த ஊரிலை, எப்ப எடுத்ததெண்டு ஒருக்காக் கேளுங்கோ அண்ணை” என்றேன். பழைய சேகரிப்பு, கடுதாசி எதுவும் இல்லை என்று விற்பவர் மறுமொழி எழுதினார். நம் நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டெடுக்கப்படாத தொல்பொருள்களை அரசின் உடைமையாக்கி, அனுமதியின்றி ஏற்றுமதி செய்வதையுந் தடுக்கின்றது. அக்காசுகள் அச்சட்டத்துக்கு முன்னரே கடல் கடந்தவையாய் இருக்கலாம். சென்ற மாதம் யாரோ இரவிலே தோண்டியெடுத்தவையாயும் இருக்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு காட்ட ஒரு துண்டுக் கடுதாசிதானும் இல்லை.

அண்ணாவின் வாதம் வலிமையற்றதன்று. நாம் வாங்காவிடின் நம் மண்ணைப்பற்றி ஏதும் அறியாத ஒருவர் வாங்குவார். நாமாவது பேணி வைப்போமே என்றார். என் மனமும் அப்பக்கஞ் சாய்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நாற்பது டொலர் நாற்பது காசுகளை மீட்குமேயன்றி, அவை கிடந்த குழியை மீட்காது. விலை கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அடுத்த குழியைத் தோண்டுவோனின் கூலியுமாகின்றது. இதனை எழுதியனுப்பினேன். அவர் ஏலங் கேட்கவில்லை. காசுகள் வேறொருவர் கைக்குச் சென்றன.

அப்படத்தை நான் அழிக்கவில்லை. இரண்டு வார இரவுகளில் அக்காசுகளை ஒவ்வொன்றாய் வாசித்தேன். பதினொன்றையே இனங்காண முடிந்தது. சிலவற்றில் வெற்றித் திருமகள் சிறைப்பட்டவன் ஒருவனை இழுத்துச் செல்கின்றாள். இரண்டிலே மூன்று பேரரசர் ஒருங்கே நிற்கின்றனர். மூன்றிலே மாலைக்குள் சிலுவை. ஏனையவை தேய்ந்துபோனவை. அவை உரோம அக்கசாலையில் அடிக்கப்பட்டவையா, இங்கேயே யாரோ ஒரு கம்மியன் பார்த்துச் செய்தவையா என்றும் படத்தைக் கொண்டு துணிதல் அரிது. பதினொரு காசுகளின் அரசரை நான் அறிவேன். அவற்றை மண்ணுக்குள் விட்ட கை வணிகனுடையதா, பிக்குவினுடையதா, துறைமுகத்திற் சுங்கங் கொண்டவனுடையதா என்பதை இனி எவரும் அறியார்.

கல்வியை நாடும் நம்போன்றோர்க்கு இச்சந்தை இன்று இலவசமானதோர் அருங்காட்சிச்சாலை. வாங்காமலே வாசிக்கலாம், வாசித்து வாசித்துக் கண்ணைப் பழக்கலாம். வாங்க வசதியுள்ளோர் விலையைக் கேட்குமுன் பிறந்த இடத்தைக் கேட்பாராக. அவ்வினா ஆயிரம் பேரால் எழுப்பப்படின், விற்பவர் அதற்கு விடை வைத்திருக்கப் பழகுவர். நம் ஊர்களிலோ, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் கிணறு தூர்வாரும்போதும் பச்சை பிடித்த சிறு வட்டமொன்று மண்ணோடு வெளிவருதல் கூடும். அதனைத் தேய்த்து மினுக்கி விலை விசாரிக்குமுன், அது கிடந்த ஆழத்தையும் உடன்கிடந்த ஓட்டையுங் குறித்துக்கொண்டு தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிப்போமாயின், நாற்பது காசுகளும் சொல்லாத செய்தியை அவ்வொன்று சொல்லக்கூடும்.